புதுப்பிப்பு ஏறாத கணிப்பொறி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

குறளும் சிலம்பும் முழங்கும் இம்மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு ஓர் இரயில்வே எழுத்தரைப் பணித்தது செயற்குழுவினரின் துணிவு என்றே சொல்ல வேண்டும். எம் கல்வி பள்ளியிறுதி வகுப்போடு நின்றது. பொறியியற் கல்லூரியின் வாயிலை யாம் மிதித்ததில்லை. ஆயினும் அலுவலகத்தில் பேரேடு போய்க் கணிப்பொறி வந்த நாள்முதல் அதனோடு மல்லாடி வருகிறோம். சயானில் நம் குடியிருப்பில் எவர் வீட்டுக் கணிப்பொறி முரண்டினாலும் ஞாயிறு காலையில் எம் கதவு தட்டப்படுகிறது. அந்த உரிமை கொண்டு பேசுகிறோம். பிழையிருப்பின் கற்றறிந்த இளைஞர்கள் பொறுத்தருள்க.

செய்தி இதுதான். விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் 2015 ஜூலை 29 அன்று வெளிவந்தது. 2025 அக்டோபர் 14 அன்று அதற்குரிய பொதுக் காப்பு முடிவுற்றது. அந்நாளையொட்டி நம் வீடுகளில் பலவற்றில் விண்டோஸ் 11 குடியேறியது. குடியேறிய சில திங்களுக்குள் ஒரே புலம்பல் பல வீடுகளிலிருந்தும் எழலாயிற்று. ‘மாற்றிவிட்டோம் அண்ணாச்சி, ஆனால் அப்டேட் ஏற மாட்டேன் என்கிறதே! பாதி வரை போகிறது, பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் காட்டிவிட்டுப் பழையபடி நிற்கிறது’ என்கின்றனர்.

மாற்றம் வேறு, புதுப்பிப்பு வேறு என்பதை முதலில் பெரியோர்களுக்கு விளக்கிவிடுவோம். மும்பையில் வாழும் நமக்கு இதற்கு உவமை தேடி எங்கும் செல்ல வேண்டுவதில்லை. நம் புறநகர் மின்தொடர் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு 1500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அப்படியே ஓடியது. பின்னர் படிப்படியாக 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்திற்கு வழித்தடங்கள் மாற்றப்பட்டன. மத்திய இரயில்வேயின் முதன்மைத் தடம் 2015-இலும் துறைமுகத் தடம் 2016-இலும் மாறின. இஃது இயங்குதள மாற்றம் போன்றது. ஞாயிறுதோறும் மெகா பிளாக் என்று சொல்லித் தண்டவாளத்தையும் மின்கம்பியையும் பழுது பார்க்கிறார்களே, அது புதுப்பிப்பு. முன்னது பல்லாண்டுக்கு ஒருமுறை நிகழ்வது. பின்னது நில்லாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியது. விண்டோஸுக்கு இந்தப் பராமரிப்பு ஒவ்வொரு திங்களும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நம் நாட்டில் அப்போது இரவாகிவிடும். 2003 முதல் இதுவே வழக்கம்.

மின்னோட்ட மாற்றத்தின்போது நடந்த ஒன்றையும் நினைவூட்டுகிறோம். புதிய மின்கம்பிக்கு மிகுந்த உயரம் வேண்டியிருந்தது. சாண்ட்ஹர்ஸ்ட் சாலை அருகே ஹான்காக் பாலம் தாழ்வாக இருந்தது. தடம் மாறியும் அந்தப் பாலம் இடையூறாகவே நின்றமையால் 2016 ஜனவரியில் அதனை இடித்தார்கள். கணிப்பொறியிலும் இப்படித்தான். இயங்குதளம் மாறிவிடுகிறது, எங்கோ ஒரு பழைய தாழ்ந்த பாலம் நின்றுகொண்டு புதுப்பிப்பை மறிக்கிறது. அந்தப் பாலம் எது என்று காண்பதே நம் வேலை. அதைக் காணாது ஊரையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பார் பேச்சைக் கேட்கலாகாது.

ஊரை இடித்த கதை ஒன்று நம் குடியிருப்பிலேயே நடந்தது. ஓர் அம்மையாரின் கணிப்பொறியில் புதுப்பிப்பு நின்றுபோயிற்று. பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். அரைமணி நேரத்தில் அனைத்தையும் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்துக் கூலியும் பெற்றுச் சென்றார். கணிப்பொறி நன்றாகவே ஓடியது. ஆனால் காலமான கணவரின் பணிக்காலத் தாள்களின் நகல்களும், ஊரில் அம்மன் கொடைக்கு அவர் பாடியதைப் பேரன் பதிவு செய்து வைத்திருந்த ஒலியும் அந்தத் துடைப்பில் போயின. ஓய்வூதியத் தாள்களை மறுபடியும் அலைந்து பெற்றார். பாட்டை எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பெறுவது? ஆகையால் பழுது நீக்கத்தின் முதற்படி பழுது நீக்கமே அன்று. வேண்டிய கோப்புகளை வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ படி எடுத்து வைப்பதுதான். இதனைச் செய்யாத வீட்டில் யாம் விசைப்பலகையைத் தொடுவதில்லை.

‘ஏறாவிட்டால் போகட்டுமே, கணிப்பொறி ஓடுகிறதே’ என்று சிலர் நினைக்கலாம். 2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு வெளியாயிற்று. அதனை ஏற்றாதிருந்த கணிப்பொறிகளை மே 12 அன்று வானாகிரை என்னும் நச்சு மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இலட்சக்கணக்கான பொறிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அடுத்த திங்கள் ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் மற்றொன்று கிளம்பியது. அதே ஓட்டையையும் வேறு சூழ்ச்சிகளையும் கொண்டு பரவிய அது, நம் கடற்கழிக்கு அப்பால் நவசேவாவில் ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய முனையத்தையே முடக்கிவிட்டது. சரக்குப் பெட்டிகள் தேங்கின. லாரிகள் வரிசையில் நின்றன. அந்நிறுவனத்திற்கு உலகெங்கும் ஏற்பட்ட இழப்பு 25 முதல் 30 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. தாராவியில் தையற்கடைக் கணக்கையும், செம்பூரில் பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தையும், இங்கே வங்கிக் கணக்கையும் அதே வகைப் பொறியில்தானே பார்க்கிறோம்?

இனிப் பாலங்களைத் தேடுவோம்.

யாம் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி இடப் பற்றாக்குறையே. ஓர் அறையும் அடுக்களையுமாக வாழும் நமக்கு இது புதிதன்று! விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிகாபைட் சேமிப்பு வேண்டும் என்பது விதி. மாணவர்க்கென்று விற்கப்பட்ட மலிவான மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பு மொத்தமே அவ்வளவுதான். போதாக்குறைக்கு, மாற்றம் நடந்தபின் பழைய இயங்குதளம் ‘விண்டோஸ் ஓல்டு’ என்னும் உறையில் பல ஜிகாபைட்டுகளை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. புது வீடு பிடிக்காவிட்டால் பழைய வீட்டிற்குத் திரும்ப 10 நாள் தவணை உண்டு, அதற்காக வைத்திருப்பது. திரும்பப் போவதில்லை என்று துணிந்துவிட்டால், அமைப்புகள் பகுதியில் சேமிப்பகம் என்பதைத் திறந்து, தற்காலிகக் கோப்புகளில் முந்தைய விண்டோஸ் நிறுவலை நீக்கிவிடலாம். திரையில் 80070070 என்று முடியும் பிழை எண் தோன்றினால் இடமில்லை என்பதே அதன் பொருள். பிழை எண்ணைக் கண்டதும் அஞ்சி மூடிவிடாதீர்கள். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய்க்குறி அது.

இடத்திலேயே மற்றொரு வகையும் உண்டு. வட்டில் நூறு ஜிகாபைட் காலியாக இருக்கும். ஆனாலும் இடம் போதாமல் தோற்கும். 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு புதுப்பிப்பு உலகெங்கும் பல பொறிகளில் 80070643 என்னும் எண்ணைக் காட்டித் தோற்றது. காரணம், கணிப்பொறி நோயுற்றால் மீட்பதற்கென ஒதுக்கிய சிறிய மறைவான பகுதி இருக்கிறது. அதில் 250 மெகாபைட் காலியிடம் அப்புதுப்பிப்புக்கு வேண்டியிருந்தது. பழைய பொறிகளில் அப்பகுதி அத்தனை பெரிதாக வகுக்கப்படவில்லை. வீட்டுக் கூடம் விசாலமாயிருந்தும் பரண் சிறிதாயிருந்த கதை. இப்பகுதியைப் பெரிதாக்குவது நுட்பமான வேலை. கைதேர்ந்தவர் துணையின்றி எவரும் இதில் இறங்க வேண்டா என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்துச் சொல்லப்போவது நம் பகுதியில் மிகுதியும் கவனிக்க வேண்டியது. லாமிங்டன் சாலையிலோ தெருமுனைக் கடையிலோ விண்டோஸ் ஏற்றுபவர்கள் ஒரு பென் டிரைவை வைத்துக்கொண்டு வந்த பொறிக்கெல்லாம் அதையே செருகுவது வழக்கம். விண்டோஸ் 11-இன் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று வெளியாயிற்று. அதனை ஏற்றுவதற்காக, அக்டோபர் 8-க்கும் நவம்பர் 12-க்கும் இடையே வெளியான காப்புப் புதுப்பிப்புகளைச் சேர்த்து ஆயத்தம் செய்த பென் டிரைவிலோ குறுந்தகட்டிலோ ஒரு குறை இருந்தது. அதன்வழி நிறுவிய பொறி அதன்பின் வரும் காப்புப் புதுப்பிப்பு எதனையும் ஏற்க இயலாத நிலைக்கு ஆளாகலாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்தது. இணையத்தின் வழியே தானாக மாறிய பொறிகளுக்கு இத்தொல்லை இல்லை. பரிகாரம் எளிது: டிசம்பர் 10-ஆம் நாள் புதுப்பிப்போ அதற்குப் பிந்தியதோ அடங்கிய புதிய ஊடகம் கொண்டு மறுபடியும் நிறுவுதல். ஆனால் கடைக்காரர் மேசை இழுப்பறையில் கிடக்கும் பென் டிரைவுக்குத் தன் பிறந்தநாள் தெரியுமா? ஆதலின் எவரேனும் உங்கள் பொறியில் விண்டோஸ் ஏற்ற வந்தால், ‘இது எந்தத் திங்களில் இறக்கியது?’ என்று கேளுங்கள். விடை வராவிட்டால் புதிதாக இறக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டா. பயணச்சீட்டின் தேதியைப் பார்க்காமல் வண்டி ஏறுவோமா?

இதனினும் கொடியது தகுதியில்லாப் பொறியில் குறுக்கு வழியால் ஏற்றுவது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லு வேண்டும். இன்டெல் வகையாயின் எட்டாந் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இவை இல்லாத பழைய பொறிகளில், சோதனையை ஏமாற்றி ஏற்றித் தருவோர் உண்டு. ஏறும், ஓடும். ஆனால் அத்தகைய பொறிக்குப் புதுப்பிப்பு பெறும் உரிமை இல்லை என்பது மைக்ரோசாஃப்டின் வெளிப்படையான நிலை. ஆண்டுப் பதிப்புகள் அதற்குத் தாமாக வாரா. மிகப் பழைய செயலிகளில் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு தொடங்கவே தொடங்காது. பதிப்பு பழையதாய் நின்றுவிட்டால் திங்கள்தோறும் வரும் காப்பும் ஒருநாள் நின்றுவிடும். 2023-ஆம் ஆண்டுப் பதிப்பின் வீட்டு வகைக்கு 2025 நவம்பர் 11 அன்று அப்படி நின்றது. இத்தகைய வீட்டில் பிழை எண்ணைத் துரத்துவது வீண். அப்பொறியை முறையாக விண்டோஸ் 10-க்கே திருப்புவது மேல். அதன் கடைசிப் பதிப்புக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த காப்புத் தரும் திட்டமும் வகுக்கப்பட்டது. அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக் காப்பு எடுப்போர்க்கு அதற்குக் கட்டணம் இல்லை. லினக்ஸுக்கு மாறலாம் என்கின்றனர் இளைஞர். மாறலாம்தான், ஆனால் எழுபது வயதுத் தாத்தாவுக்கு அதைக் கற்பிக்க அவர்கள் ஞாயிறுதோறும் வருவதாயிருந்தால் எமக்கு மறுப்பில்லை.

சிறு காரணங்களை விரைந்து சொல்லிவிடுகிறோம். நாளும் நேரமும் தவறாக இருந்தால் புதுப்பிப்பு வழங்கும் கணிப்பொறி நம்மை நம்பாது. மேசைக் கணிப்பொறியை ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பழைய ஆண்டைக் காட்டினால் உள்ளிருக்கும் காசு போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது என்று அறிக. அலைபேசியின் இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்துவோர், அவ்விணைப்பு ‘அளவிடப்பட்டது’ என்று குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க. குறித்திருந்தால் பல புதுப்பிப்புகளைப் பொறி இறக்காமல் காத்திருக்கும். தனியே வாங்கிப் போட்ட நச்சுத்தடுப்பு மென்பொருள் மாற்றத்திற்குப்பின் பழையதாய் நின்று மறிப்பதுண்டு. அதனை நீக்கிவிட்டு முயல்க, விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. பழைய அச்சுப்பொறியையும் பென் டிரைவையும் கழற்றிவிட்டு முயன்று வெற்றி கண்ட வீடுகளும் உண்டு. ‘மறுதொடக்கம்’ செய்யாமல் திங்கட்கணக்கில் மூடி மூடித் திறக்கும் மடிக்கணினிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

இவையெல்லாம் சரியாயிருந்தும் ஏறாவிடின் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, புதுப்பிப்புச் சேவையை நிறுத்திவிட்டு, விண்டோஸ் உறைக்குள் இருக்கும் ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்னும் உறையின் பெயரை மாற்றுதல். பாதி இறங்கிப் பழுதுபட்ட சரக்குகள் தங்கும் கிடங்கு அது. சேவையை மீளத் தொடங்கினால் விண்டோஸ் தானே புதுக் கிடங்கு கட்டிக்கொள்ளும். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் நேராது. இரண்டாவது, நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்ம் என்னும் கருவியால் இயங்குதளத்தின் மூலச் சரக்கைச் செப்பனிட்டு, அது முடிந்தபின் எஸ்.எஃப்.சி. கருவியை ஓட்டுதல். வரிசை முக்கியம். எஸ்.எஃப்.சி. கெட்ட கோப்புக்கு மாற்றாக அந்த மூலச் சரக்கிலிருந்துதான் எடுத்து வைக்கிறது. மூலமே கெட்டிருந்தால் எங்கிருந்து எடுக்கும்? 80073712 என்னும் எண் பெரும்பாலும் இந்நோயைக் காட்டும். மூன்றாவது, கோப்புகளையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொண்டு அதே விண்டோஸை அதன்மேலேயே மறுபடி நிறுவுதல். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் மீட்பு என்னும் பகுதியிலேயே இதற்கு ஒரு பொத்தான் உண்டு. அந்த அம்மையாருக்கு இந்த மூன்றாம் படி செய்திருந்தால் பாட்டு பிழைத்திருக்கும்.

இப்பணி நடக்கும்போது மின்சாரம் போகலாகாது. மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்தே தொடங்குக. மும்பையில் மின்சாரம் போகாது என்று பெருமை பேசுவோர் 2020 அக்டோபர் 12 காலையை மறந்திருக்கமாட்டார்கள். இரயில்களும் நின்ற நாள் அது. மழைக்காலத்தில் காந்தி மார்க்கெட்டில் முழங்காலளவு நீர் நிற்கும் நாளில் மேசைக் கணிப்பொறியில் மாற்றம் எதுவும் தொடங்க வேண்டா.

இது தமிழ்ச் சங்கமாதலின் தமிழைப் பற்றி ஒரு சொல். ‘மாற்றிய பிறகு என் பழைய தமிழ்க் கோப்புகள் முகம் மாறிவிட்டன’ என்று சிலர் வருந்தினர். விண்டோஸ் 2000 முதல் நமக்குப் பழகிய லதா எழுத்துருவும், பின்னர் வந்த விஜயாவும், விண்டோஸ் 10 முதல் எல்லாப் பொறியிலும் உடன் வருவதில்லை. நிர்மலா என்னும் எழுத்துருவே தமிழுக்கு நிற்கிறது. லதா வேண்டுவோர் ‘விருப்ப அம்சங்கள்’ பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் புதுப்பிப்பு வரும் அதே வழியில்தான் வருகிறது. ஆகவே புதுப்பிப்பு அடைபட்ட பொறியில் லதாவும் வாராள்! பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தெரிந்தால் அது வேறு நோய். ஒருங்குறிக்கு முன் வந்த எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் அவை. அவற்றுக்குரிய எழுத்துருவை மறுபடி நிறுவிப் படித்து, ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதே அறிவு. தமிழ்நாட்டரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது. பழைய பதினாறு பிட் தட்டச்சு மென்பொருள்கள் விண்டோஸ் 11-இல் ஓடா. அவற்றை நம்பியிருப்போர் வருந்த வேண்டா. தமிழ் 99 விசைப்பலகையும் அஞ்சல் விசைப்பலகையும் 2019 முதல் விண்டோஸிலேயே உள்ளன.

புதுப்பிப்பே கேடு செய்யாதா என்று சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் வினவினார். செய்யும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் காப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பினால் 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். (கையெழுத்து நன்றாயிருந்த எழுத்தர்களுக்கு அன்று மதிப்புக் கூடியிருக்கும்.) அதற்காக ஆண்டுக்கணக்கில் கதவடைப்பது முறையன்று. சில நாள் பொறுத்து ஏற்ற விரும்புவோர்க்கு விண்டோஸ் 11-இல் ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கும் வசதி உண்டு. யாம் ஒரு வாரம் பொறுப்பதுண்டு, அதற்குமேல் பொறுப்பதில்லை.

செயற்குழுவின் இசைவோடு, ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அறையில் உட்கார்ந்திருப்போம். மடிக்கணினியோடு மின்னேற்றியையும் கொண்டு வருக. காலியான ஒரு பென் டிரைவும், திரையில் கண்ட பிழை எண்ணைக் குறித்த தாளும் வேண்டும். முக்கியமாக, பிட்லாக்கர் என்னும் பூட்டின் 48 இலக்க மீட்பெண்ணை எழுதிக் கொண்டு வருக. புதுப் பொறிகள் பலவற்றில் உங்களைக் கேளாமலே அப்பூட்டு போடப்பட்டிருக்கும். பழுது பார்க்கும் நடுவில் அவ்வெண்ணைக் கேட்டால், இல்லாதவர்க்குத் தம் கோப்புகளே தமக்குத் திறவா. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கும். பிள்ளைகளைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கணக்கின் கடவுச்சொல்லை எம்மிடம் சொல்ல வேண்டா, நீங்களே தட்டுங்கள்.